கல்யாணக் கதையை ஆரம்பிக்காதீங்க, ஆயாம்மா

ஆயாம்மா சிரித்துக்கொண்டே தன் கல்யாணக் கதையை எடுத்தால் நான் முதலில் கூரையைப் பார்ப்பேன். அடுத்து தரையை. அதற்கும் அடுத்து, வாசல் எந்தப் பக்கம், அதில் என் உடம்பு ஒரே தடவையில் நுழையுமா என்று பார்ப்பேன். சுற்றி இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்க்கும்.

பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்கு அவர்தான் ஆயா. நானும் அங்கே வளர்ந்தவன்தான். வளர்ந்தேன் என்றால் அகலத்தில். "இவனுக்கு ஊத்துற பால்ல ரெண்டு தொட்டிலு நெறையும்" என்பார். அவரோ குச்சி. சேலைக்கு உள்ளே ஆள் இருக்கிறதா, இல்லை சேலையைக் காயப்போட்டிருக்கிறார்களா என்று தூரத்தில் இருந்து பார்த்தால் சந்தேகம் வரும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகளை எண்ண மாட்டார், தொடுவார். தூங்க வைக்கும் முன்பும் எழுப்பிய பின்பும் ஒவ்வொரு தலையிலும் கை வைத்துக்கொண்டே போவார். எண்ணினால் தப்பலாம், தொட்டால் தப்பாது என்பது அவர் கணக்கு. அந்தக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தலையில் வைத்து வசவு வாங்கியிருக்கிறார். ஒரு முறை காம்பராவைப் பார்க்க வந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்த, தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் தலையிலும் வைத்துவிட்டார். "தொரைக்குத் தல சுடுதுங்க, பனியில நிக்காதீங்க" என்று சமாளித்தார். துரை உண்மையாகவே லீவு போட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

கல்யாணக் கதையை நான் முதலில் கேட்டது அந்தக் காம்பராவில்தான். நல்ல வெயில் நாள். விளையாடிக்கொண்டிருந்த எங்களை ஆயாம்மா உள்ளே தள்ளி, ஜன்னல்களைச் சாத்தி, கதவுக்கு அடியில் சாக்கை அடைத்தார். எல்லோரையும் மூலையில் ஒரே கம்பளிக்குள் உட்கார வைத்தார்.

"ஆயாம்மா கல்யாணத்துக்குப் போவமா? மாப்பிள வூட்டு லாரி வருது பாருங்க!"

லாரி வந்தது. ஒரே பனி. டிரைவருக்கு அவர் மூக்கே தெரியவில்லை. பின்னால் தப்பு மேளக்காரர்கள் அடித்துக்கொண்டு வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் பாதை வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் வெளியே தலையை நீட்டி வாந்தி எடுக்கிறார். மலைநாட்டுப் பாதையில் முடக்குக்கா பஞ்சம்? ஆயாம்மா ஒவ்வொரு முடக்குக்கும் "உவ்வே" என்று செய்து காட்ட, நாங்களும் "உவ்வே" என்று கத்திக்கொண்டு கம்பளிக்குள் உருண்டோம். லாரி இரண்டு பாதை பிரிகிற இடத்துக்கு வந்தது. "அப்ப அந்த டிரைவரு..." என்றவர், கதவிடுக்கில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "சரி, போய் வெளையாடுங்க" என்று சாக்கை உருவிவிட்டார்.

மாலையில் அம்மா என்னைத் தூக்க வந்தபோது அவள் முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மேல் மலையில் குளவிக் கூடு கலைந்து, பெண்கள் கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். துரத்திக்கொண்டு வந்த குளவிகள் எங்கள் காம்பராக் கூரையில் அப்பியிருந்தன. நாங்கள் போட்ட "உவ்வே"யில் அவை இரைந்தது எங்கள் காதில் விழவில்லை.

அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீங்கிய அம்மாவைப் பார்த்து, "நீயும் என்ன மாதிரி குண்டாயிட்ட" என்று சொல்லி முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

விளங்கியது பெரியவனாகி த்ரீவீல் ஓட்ட ஆரம்பித்த பிறகு, ஒரு பெருமழையில். நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மண் இளகுகிறது என்று எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஆயாம்மா பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவர் குரல் எழும்பியது. "அந்த லாரி இருக்கே, மேல் டிவிசனுக்கு வர வேண்டிய லாரி, பனியில கீழ் டிவிசனுக்குப் போயிருச்சு! அங்கயும் அன்னைக்கு ஒரு கல்யாணம்! ஆலாத்தி எடுத்துக் கூட்டிட்டுப் போய்ப் பந்தியில ஒக்கார வச்சிட்டாங்க. தாய்மாமனுக்கு வயிறுதான் காலியா இருக்கே, மூணு தடவ சோறு வாங்கித் திங்கிறாரு!"

நானும் சிரித்தேன். எத்தனையோ வருடம் பிரிகிற பாதையில் நின்ற லாரி நகர்ந்துவிட்ட சந்தோஷம் எனக்கு. சிரித்துக்கொண்டே அவர் கையைப் பார்த்தேன். கை பிள்ளைகளின் தலைகளில் போய்க்கொண்டிருந்தது. முடிந்த இடத்தில் நிற்காமல், மறுபடியும் முதல் தலைக்கு வந்தது. மறுபடியும். எனக்கு அம்மாவின் வீங்கிய முகம் ஞாபகம் வந்தது.

வெளியே போய் மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தேன். மண் மேட்டில் என் செருப்பு உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. அதிலிருந்து சேறு நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து வாயைத் திறந்தேன். ஆயாம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. வாய் மட்டும் சிரித்தது. கண், 'கத்தினாய் என்றால் கொன்றுவிடுவேன்' என்றது.

"நம்ம எல்லாரும் லாரியில ஏறி ஃபெக்டரிக்குப் போறோம். முன்னுக்கு இருக்கிறவங்க சட்டையப் புடிச்சுக்கங்க. தப்பு அடிங்கடா!"

பிள்ளைகள் வாயாலேயே தப்படித்துக்கொண்டு மழையில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். பெரியவர்களும் பின்னால் போனோம். பின்னேரம் மண்டபத்தின் பின்சுவர் மண்ணோடு உள்ளே வந்துவிட்டது.

தொழிற்சாலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டேன். "அந்தக் கீழ் டிவிசன்ல மாப்பிள்ளைய எங்க ஒக்கார வச்சாங்க, ஆயாம்மா?"

"எந்த மாப்பிள?"

"லாரியில வந்த மாப்பிள்ளை."

"எந்த லாரி? போடா, வேலையில்லாதவனே."

அதுதான் அவர். ஆபத்து இருக்கிற வரைக்கும் கதை இருக்கும். அது போன நொடியில் கதையும் போய்விடும். நல்ல நாளில் கல்யாண வீட்டில் எத்தனை பேர் கெஞ்சினாலும் சொல்ல மாட்டார். ஒரு முறை மட்டும், நான் விடாமல் அரித்ததில், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பயத்தப் புள்ளைங்க கையில குடுக்கக் கூடாதுடா. அதுங்க கீழ போட்டு ஒடச்சிரும்."

"நீங்க எங்க வச்சிருக்கீங்க?"

"எனக்கு எங்க அதுக்கு நேரம்?" என்று எழுந்து போய்விட்டார்.

காம்பரா வேலையை விட்ட பிறகுதான் அவர் மீன் பிடிக்க இறங்கினார். அவர் வீட்டுக்காரர் நெஞ்சு வருத்தம் என்று நோயில் படுத்துவிட்டார். எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்றவர், கெண்டைத் தலைக் குழம்பு என்றால் மட்டும் கண்ணைத் திறந்தார். கடையில் வாங்கிக் கொடுத்தால், இது கடை மீன் என்று கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிடுவார். முன்னே அவரே பிடித்துத் தின்ற ஆள்.

தோட்டத்துக்குக் கீழே நீர்த்தேக்கம். அதில் ஒரு கிளை இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைந்து படுத்திருக்கும். அதையும் நாங்கள் முடக்கு என்றுதான் சொல்வோம். கரையில் நின்று தூண்டில் போட்டால் உள்ளங்கை அளவு ஜப்பான் மீன் யாருக்கும் கிடைக்கும், எனக்குக்கூட. பெரிய கெண்டை கிடப்பது முடக்கின் வாயில். பழைய ஆறு அந்த இடத்தில்தான் அடியில் ஓடியது. அங்கே ஆழம். அங்கே போகப் படகு வேண்டும்.

படகு வீட்டுக்காரர் செய்தது. பழைய லயத்துக் கூரைத் தகரத்தைத் தட்டி வளைத்து, ஆணி ஓட்டைகளைத் தாரால் அடைத்திருந்தார். எங்கள் லயத்தில் ஒழுகிய கூரை இப்போது அடியிலிருந்து ஒழுகியது, வித்தியாசம் அவ்வளவுதான்.

"தம்பி, ஒங்கிட்ட ஒரு ஒதவி" என்று வந்தார் ஆயாம்மா.

"சொல்லுங்க."

"ஒன்னும் செய்யத் தேவையில்ல. சும்மா ஒக்காந்திருக்கணும்."

"அது எனக்கு நல்லா வரும், ஆயாம்மா."

"படகுல."

முன்னால் அவர் நூலோடு இருக்கும்போது பின்னால் கனம் வேண்டுமாம். இல்லாவிட்டால் பெரிய மீன் இழுத்தால் படகின் மூக்கு தண்ணீரில் குத்திவிடும். கல் மூட்டை வைக்கலாமே என்றேன். "கல்லு தண்ணி மொண்டு ஊத்தாதே" என்றார். ஆக, தண்ணீர் மொள்ளத் தெரிந்த கல்லாக எனக்கு வேலை கிடைத்தது. மூன்று சக்கரத்திலேயே குடை சாயப் பார்க்கிறவன், ஒரு சக்கரமும் இல்லாத தகரத்தில் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது. எங்கள் தோட்டத்தில் நீந்தத் தெரிந்தவை தவளைகள்தான்.

ஏறிய முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டேன். "ஒன்னே ஒன்னுதான். கல்யாணக் கதைய மட்டும் ஆரம்பிக்காதீங்க, ஆயாம்மா."

"ஆரம்பிச்சா?"

"தண்ணியில குதிச்சிருவேன்."

"குதிக்காத சாமி. தண்ணி மேலேறி லயமெல்லாம் நனைஞ்சிரும்."

அவர் மீன் பிடிப்பது ஓசையில்லாமல் நடக்கும். பழைய கோதுமை ரொட்டியை ஊற வைத்துப் பிசைந்து தூண்டில் முள்ளில் அப்புவார். பால்மா டின்னில் சுற்றிய தங்கூசி நூலை விரல் மேல் ஓட விட்டு உட்கார்ந்திருப்பார். மீன் கடித்ததும் வெட்டி இழுக்க மாட்டார். தொட்டில் கயிற்றைப் பிடிப்பது போல, அது இழுக்கும்போது விட்டு, அது சோரும்போது சுற்றி, தூங்க வைத்துக் கொண்டுவருவார். சின்னதும் நடுத்தரமுமாகக் கிடைத்தன. வீட்டுக்காரர் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "இது குட்டி. இதுக்கு அப்பன் அங்க இருக்கான்" என்பாராம். தட்டைத் தள்ளவில்லை, ஆனால் பாதிதான் சாப்பிட்டார். ஆள் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போனார்.

அப்பன் கடித்த அன்று காலையிலிருந்தே வானம் மூட்டம். நாங்கள் முடக்கின் வாய்க்குப் போன கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. முதலில் மேலே இருந்த லயம் மறைந்தது. பிறகு தேயிலை. பிறகு கரை. கடைசியில் படகும் நாங்களும் மட்டும்தான், தண்ணீர்கூட மூன்று முழத்துக்கு மேல் தெரியவில்லை.

"போயிருவமா?" என்றேன்.

பதில் வருவதற்குள் நூல் ஓடியது. டின் அவர் கையில் கடகடவென்று சுற்றியது. படகு ஒரு தரம் குலுங்கி, மூக்கைத் திருப்பிக்கொண்டு நகர ஆரம்பித்தது. நான் துடுப்பை எடுக்கவே இல்லை. அது தானாகப் போனது. விளிம்பில் தண்ணீர் வழிந்து என் மடியில் விழுந்தது. ஐஸ்.

அப்போது சைரன் ஊதியது. அணைக்கட்டில் கதவு திறக்கும்போது ஊதுவார்கள், அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேலே ஏறிவிட வேண்டும் என்று. பனிக்குள் அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரியவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அது நின்றபோது, படகுக்கு அடியில் தண்ணீர் அணைக் கதவுக்கு இழுபட்டு நகர்வதை உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தேன். உணர எனக்கு இடம் அதிகம்.

ஆயாம்மா திரும்பினார். அந்தச் சிரிப்பு.

"அந்தக் கீழ் டிவிசன்ல மாப்பிளைய எங்க ஒக்கார வச்சாங்கன்னு கேட்டியே?"

"வேணாம், ஆயாம்மா."

"மணவறையிலயே ஒக்கார வச்சிட்டாங்கடா!"

"ஐயோ, வேணாம்."

"தண்ணிய மொண்டுக்கிட்டே கேளு. எங்கூட்டுக்காரரு வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. பொண்ணக் கூட்டிட்டு வாறாங்க. இவரு ஓரக்கண்ணுல பாக்குறாரு. எனக்குப் புருவத்துல தழும்பு இருக்கில்ல? அந்தப் பொண்ணுக்கு இல்ல! வாயத் தொறந்து சொல்ல வெக்கம். என்ன செஞ்சாரு தெரியுமா? பள்ளிக்கூடத்துல மாதிரி ஒத்த வெரலக் காட்டுனாரு. ஒன்னுக்குப் போவணுமாம்!"

நான் மொண்டு ஊற்றினேன். ஊற்றியதைவிட உள்ளே வந்தது அதிகம். மீன் இழுத்தது. துடுப்பை எடுத்து ஒரு பக்கம் தள்ளினேன். கரைக்குத் தள்ளுகிறேனா, அணைக்கட்டுக்குத் தள்ளுகிறேனா என்று தெரியாமல் நிறுத்தினேன். கதை மட்டும் நிற்கவில்லை. மாப்பிள்ளை பின்பக்கமாக நழுவி, மாலையோடு தேயிலைக்குள் இறங்கி, சறுக்கி, உருண்டு, முழங்கால் வரை சேற்றோடு ஆயாம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நின்னு, மூச்சு வாங்கிக்கிட்டு, எங்க அப்பாக்கிட்டக் கேக்குறாரு, 'ஏங்க, இங்க கல்யாணம் யாருக்குங்க?'ன்னு."

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

"தாலி கட்டுனாரு. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? முடிஞ்சுது."

குளவியிலும் மண்சரிவிலும் முடியாத கதை அது. எப்போதும் பாதியில் நிற்கும். நிற்பதற்குத்தான் அவர் அதை வைத்திருந்தார். இன்று அது முடிந்துவிட்டது, நாங்கள் இன்னும் தண்ணீரில் இருந்தோம். ஆயாம்மாவின் வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லை.

"தம்பி, எனக்குப் பயமா இருக்குடா."

என் வாழ்க்கையில் நான் கேட்ட சத்தங்களில் மோசமானது அதுதான். சைரன்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான்.

எனக்குக் கதை சொல்லத் தெரியாது. ஆனால் வாய் திறந்துகொண்டது. "நான் பொண்ணு பாக்கப் போன கதை தெரியுமா, ஆயாம்மா? வட்டவளையில!"

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிளாஸ்டிக் கதிர போட்டாங்க. ஒக்காந்தேன். நாலு காலும் நாலு தெசையில விரிஞ்சிச்சு. 'பரவாயில்லைங்க'ன்னு சொல்லிப் பெஞ்சுல ஒக்காந்தேன். மறுமுனையில ஒக்காந்திருந்த பொண்ணோட அப்பா மேல போயிட்டாரு!"

தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே கத்தினேன். பெண் கொண்டுவந்த தேத்தண்ணி, நான் தின்று தீர்த்த பலகாரம், 'மாப்பிள்ள ஒருத்தரா, ரெண்டு பேரா' என்று கேட்ட சின்னப் பிள்ளை, எல்லாவற்றையும். பாதி உண்மை. மீதிக்கு அந்தப் பெண் என்னை மன்னிக்கட்டும். என் குரல் ஆட்டுக்குட்டிக் குரலாக இருந்தது. ஆனால் நிற்கவில்லை.

ஆயாம்மாவின் கண் மெல்ல என்னை விட்டுப் போனது. கதை சொல்லும் வேலை இப்போது அவருக்கு இல்லை. விரலில் இருந்த நூலைப் பார்த்தார். ஒரு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தார், தூங்குகிற பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது போல.

"தம்பி."

"பொண்ணோட பெரியம்மா வந்து..."

"நீ கதைய நிறுத்தாத. நான் சொல்றதையும் கேளு. முள்ளு குத்துன மீனு எங்க போகும்? ஆழத்துக்குத்தானே போகும்? இவன் பழைய ஆத்துக்குப் போறான். அப்ப நம்ம கர இவனுக்கு முதுகுப் பக்கம். நூலு போற பக்கம் முதுகக் காட்டித் தள்ளு!"

நூலை அறுக்கவில்லை அவர். அறுத்தால் திசையும் போய்விடும். நூலை விட்டு விட்டுக் கொடுத்தார். நான் எதிர்ப்பக்கம் துடுப்புப் போட்டேன். பெரியம்மா, சித்தப்பா, அந்த வீட்டு நாய் என்று வட்டவளையில் இருந்த உயிர்கள் எல்லாவற்றையும் கதைக்குள் இழுத்தேன். படகில் தண்ணீர் என் இடுப்புக்கு வந்தபோது, ஏதோ தகரத்தைக் கீறியது. தேயிலைச் செடி. தண்ணீருக்குள் நின்ற ஒரு செடி. அதைக் கட்டிப்பிடித்தேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் எனக்கு அப்படி ஆசை வந்ததில்லை.

இரண்டு பேரும் சேற்றில் தவழ்ந்து ஏறினோம். ஆயாம்மா முதலில் செய்தது என் தலையில் கை வைத்ததுதான். பிறகு தன் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, நூலைச் சுற்ற ஆரம்பித்தார்! படகு கவிழ்ந்து கிடக்கிறது, இவர் சேற்றில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு, விட்டு விட்டு, தூங்க வைத்து, அந்த அப்பனைக் கரைக்குக் கொண்டுவந்தார். என் தொடை அளவு கெண்டை. சைரன் கேட்டுப் பார்க்க வந்த சிங்களக் காவல்காரர், சேற்றில் மீனைக் கட்டிக்கொண்டு கிடந்த எங்களைப் பார்த்து, "பிஸ்ஸுத?" என்றார். பைத்தியமா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்று வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். தலையை முழுவதும் உறிஞ்சி முடித்துவிட்டு, "மண் வாசம் அடிக்குது" என்றார்.

"அடிக்கும்" என்றார் ஆயாம்மா. தட்டை எடுத்துக் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு படகை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் போய்விட்டார். அந்தச் சாவு வீட்டில் ஆயாம்மா கதை எதுவும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

மகள் கொழும்பில். வந்து கூட்டிப் போனாள். பூண்டுலோயா பஸ் நிலையத்துக்கு நான்தான் த்ரீவீலில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்கப் பேசவில்லை அவர். எனக்கு நிம்மதியாக இருந்தது, பேசாவிட்டால் ஆபத்தில்லை. ஜன்னலோரம் உட்கார வைத்துப் பையை மேலே ஏற்றி இறங்கினேன். பஸ் உறுமியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சிரித்தார்.

"டேய் தம்பி, எங்க கல்யாணத்துக்கு லாரி வந்துச்சுல்ல? ஒரே பனி..."

என் உள்ளங்கை வேர்த்தது. கூரையைப் பார்க்க அங்கே கூரை இல்லை.

"ஆமா, ஆயாம்மா. டிரைவருக்கு மூக்கே தெரியல. அப்புறம்?"

"அந்தத் தாய்மாமன் ஒவ்வொரு முடக்குலயும்..."

பஸ் முதல் முடக்கில் திரும்பிவிட்டது.

பாதியில் நிற்க வேண்டிய கதைதான். ஆனால் இப்படி நிற்கக் கூடாது. த்ரீவீலை எடுத்தேன். பஸ்ஸுக்குப் பின்னாலேயே, அதன் புகையைக் குடித்துக்கொண்டு போனேன். தலவாக்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினேன். மூச்சு வாங்கியது.

"ஆயாம்மா, அந்த லாரி அப்புறம் எங்க போச்சு?"

ஆயாம்மாவின் மடியில் யாருடையதோ ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் அதன் தாய், பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். ஆயாம்மா குழந்தையின் தலையிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"எந்த லாரி? சத்தம் போடாத, போடா. புள்ள தூங்குது."